நடைபாதை யாருக்கு?

நுழையும்முன்

தெருவில் காணும் குறையை எண்ணி வருந்துவது எளிது. அக்குறையை அளந்து, உரியவரிடம், உரிய முறையில் எடுத்துரைப்பதே பயன் தரும். தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை வழியாக இப்பாடம் அதனை விளக்குகிறது.

பாட்டியின் மாலைப் பயணம்

தில்லியின் தென்மேற்குப் பகுதியில் ஒரு குடியிருப்பு. எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, தன் பெற்றோருடனும் பாட்டியுடனும் அங்கு வாழ்ந்து வந்தாள். பாட்டி திருநெல்வேலியிலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மாலைதோறும் பால் வாங்கி வருவதைப் பாட்டி தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். பால் சாவடி வீட்டிலிருந்து 300 மீட்டர் தொலைவில் இருந்தது. மொழி தெரியாத ஊரில், யாருடைய துணையுமின்றி அவர் சென்று வந்த ஒரே இடம் அதுதான்.

குளிர்கால மாலை ஒன்றில் பாட்டி வெறுங்கையுடன் திரும்பினார். முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. நடைபாதையின்மீது மகிழுந்து ஒன்று நின்றிருந்ததால், அதனைச் சுற்றிச் செல்ல அவர் சாலையில் இறங்கியிருக்கிறார். பின்னால் ஓசையின்றி வந்த மின் ரிக்‌ஷாவைக் கண்டு பதறி விழுந்துவிட்டார்.

"இனி நான் போகவில்லை, கண்ணு. உன் அப்பாவே வாங்கி வரட்டும்" என்றார் பாட்டி. அன்று முதல் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

அளந்து பார்த்தல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாணவி தன் தாயின் தையல் அளவுநாடாவையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பாட்டி நடந்த வழியெங்கும் மெல்ல நடந்து, கண்டவற்றை எழுதினாள்.

நடைபாதையின் அகலம் 2 மீட்டர். ஆயினும் 11 இடங்களில் வழி அடைபட்டிருந்தது. நான்கு வீடுகளில், வண்டியை உள்ளே ஏற்றுவதற்காக வாசலிலிருந்து சாலை வரை சாய்வுமேடை கட்டப்பட்டிருந்தது. மூன்று இடங்களில் மகிழுந்துகள் நின்றன. இரண்டு இடங்களில் கம்பிவேலி கட்டிப் பூச்செடிகள் வளர்க்கப்பட்டன. ஓரிடத்தில் மின்மாற்றி இருந்தது. வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் தொழிலாளியின் மேசை இருந்தது. நடைபாதையின் விளிம்போ சில இடங்களில் 28 செ.மீ. உயரம் இருந்தது. முழங்கால் வலியுள்ள முதியவர் ஏறி இறங்கக்கூடிய உயரமன்று அது.

இந்தியச் சாலைப் பேரவை 2012ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் எவ்விதத் தடையுமின்றி இருத்தல் வேண்டும். விளிம்பின் உயரம் 15 செ.மீ.க்கு மிகாதிருத்தல் வேண்டும். மாணவி தன் அளவுகளை அந்நெறிகளின் அளவுகளுக்கு அருகில் எழுதினாள். பாட்டியின் துன்பம் அப்போது ஓர் அட்டவணையாக மாறியது.

குடியிருப்போர் கூட்டம்

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்திற்குத் தந்தையுடன் மாணவியும் பாட்டியும் சென்றனர். அட்டவணை படிக்கப்பட்டதும் பலரும் பேசினர்.

"இவ்வீடுகள் கட்டப்பட்டபோது மகிழுந்து வைத்திருந்தவர் சிலரே. இன்று வீட்டுக்கொரு வண்டி இருக்கிறது. இரவு பணி முடிந்து வரும் நாங்கள் எங்கே நிறுத்துவது?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. "வேலி கட்டாவிட்டால் அங்கும் ஒரு வண்டி வந்து நிற்கும்" என்றார் செடி வளர்த்தவர். "மேசையை அகற்றினால் என் பிழைப்பு என்னாவது?" என்று துணி தேய்ப்பவர் கலங்கினார்.

மாணவி எழுந்து ஒரு கணக்கைச் சொன்னாள். "நம் தெருவின் அகலம் 6 மீட்டர். ஒரு மகிழுந்தின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். இருபுறமும் வண்டிகள் நின்றால் எஞ்சுவது 2.6 மீட்டர். பெரிய வண்டிகளின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். நள்ளிரவில் தீயணைப்பு வண்டி வந்தால் எப்படி நுழையும்?"

கூட்டம் அமைதியானது. நடைபாதையைப் பற்றிய பேச்சு, அங்கிருந்த எல்லாருடைய பாதுகாப்பைப் பற்றிய பேச்சாயிற்று.

பேசப்பட்டவை அனைத்தும் இந்தியில் இருந்தன. மாணவி அவற்றைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துரைத்தாள். பாட்டி சற்றுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நூறு அடி தள்ளி நின்றால் வண்டிக்கு வலிக்காது. நான் நூறு அடி சுற்றி நடந்தால் எனக்கு வலிக்கும். இதை அவர்களிடம் சொல், கண்ணு." மாணவி அதனை இந்தியில் சொன்னாள். முதலில் தலையசைத்தவர், வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டவரே.

சட்டம் கூறுவது

நடைபாதையில் வண்டியை நிறுத்தலாகாது என்பதை, மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் தொடர்பான 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு வாழும் உரிமையை அளிக்கிறது. தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அதனுள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் உரைத்தது. அதே வேளையில், தெருவோர வணிகரின் பிழைப்பைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, எளியவர் ஒருவரை விரட்டுவது தீர்வாகாது. நடப்பவர்க்கும் பிழைப்பவர்க்கும் இடம் வகுப்பதே தீர்வாகும்.

யாரிடம் முறையிடுவது?

அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை, சாலைகளையும் வாகன நிறுத்துமிடங்களையும் நகராட்சி அமைப்புகளுக்குரிய பணிகளுள் சேர்த்துள்ளது. தில்லியில் பொதுவாக 60 அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள பெரிய சாலைகளைப் பொதுப்பணித்துறையும், குடியிருப்புகளின் உட்தெருக்களை மாநகராட்சியும் பராமரிக்கின்றன. பொறுப்பில்லாத அலுவலகத்திற்கு அனுப்பும் மனு காலத்தையே வீணாக்கும். எனவே, சங்கத்தினர் முதலில் தெரு எந்த அலுவலகத்திற்குரியது என்று அறிந்தனர். பின்னர், அளவுகளையும் ஒளிப்படங்களையும் இணைத்து மனு அளித்தனர். இந்தியில் எழுதப்பட்ட அம்மனுவின் முதல் வரைவு மாணவியுடையது.

அலுவலகத்தின் விடைக்குக் காத்திராமல், தம்மால் இயன்றதைச் சங்கத்தினர் தாமே செய்தனர். வண்டிகளைத் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்துவது என முடிவாயிற்று. மற்ற வண்டிகளை, இரவில் வெறுமையாகக் கிடக்கும் சந்தை நிறுத்துமிடத்தில் நிறுத்த அனுமதி பெற்றனர். துணி தேய்ப்பவரின் மேசையைத் தெருமுனையில் சுவரோரமாக மாற்றித் தந்தனர். ஒரு வேலி அகன்றது. ஒரு வீட்டுக்காரர் தம் சாய்வுமேடையைக் குறைத்துக்கொண்டார். நான்கு மாதங்களுக்குப் பின், உயரமான விளிம்புகள் இடிக்கப்பட்டுச் சரிவுப்பாதைகள் அமைந்தன.

11 தடைகளுள் ஆறு நீங்கின. மூன்று சாய்வுமேடைகளும் ஒரு வேலியும் மின்மாற்றியும் எஞ்சின. அவற்றுக்கான இரண்டாவது மனு எழுதப்பட்டு வருகிறது.

பாட்டி இப்போது ஊன்றுகோலுடன் மீண்டும் பால் வாங்கச் செல்கிறார். "மிச்சமிருக்கும் ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அங்கே மட்டும் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார் பேத்தியிடம்.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
மின்மாற்றி – டிரான்ஸ்பார்மர்
சாய்வுமேடை – வண்டி ஏறச் சரிவாகக் கட்டிய மேடை
வரைவு – முதலில் எழுதிப் பார்க்கும் படி
முறையிடுதல் – குறையை உரியவரிடம் கூறுதல்

தெரிந்து தெளிவோம்

தெருவைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. மறுகு என்பது தெருவையும், ஆவணம் என்பது கடைத்தெருவையும் குறிக்கும் பழஞ்சொற்கள். சந்து, முடுக்கு ஆகியன குறுகிய வழிகளைக் குறிப்பன.

கற்கண்டு: வினைத்தொகை

ஊன்றுகோல் என்னும் சொல்லை விரித்தால் ஊன்றிய கோல், ஊன்றுகின்ற கோல், ஊன்றும் கோல் என மூன்று காலத்திற்கும் பொருந்தும். காலம் காட்டும் உறுப்பு மறைந்து, வினைப்பகுதியும் பெயரும் சேர்ந்து வருவது வினைத்தொகை.

சுடுநீர், ஆடுகளம், விளைநிலம் ஆகியவற்றை இவ்வாறே விரித்து எழுதுக.

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நடைபாதையில் தடையின்றி இருக்க வேண்டிய குறைந்த அளவு அகலம் ______ மீட்டர்.
2. தெருவோர வணிகரைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாட்டி ஏன் சாலையில் இறங்கி நடந்தார்?
2. தீயணைப்பு வண்டி பற்றிய கணக்கு கூட்டத்தினரிடம் என்ன மாற்றத்தை ஏற்படுத்தியது?

இ. சிந்தித்து விடை தருக.
1. "வண்டிக்கு வலிக்காது" என்று பாட்டி கூறியதன் பொருளை உம் சொற்களில் விளக்குக.
2. எஞ்சிய ஐந்து தடைகளுள் எதை முதலில் அகற்ற வேண்டும்? காரணம் தருக.
3. "ஊர் கூடித் தேர் இழுத்தல்" என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?

கற்றபின் செய்க

1. உம் வீட்டிலிருந்து அருகிலுள்ள கடை வரை பெரியவர் ஒருவரின் துணையுடன் நடந்து, நடைபாதையிலுள்ள தடைகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றின் அருகிலும் இடம், அளவு, தீர்வு ஆகியவற்றை எழுதுக.
2. அப்பட்டியலைக் கொண்டு உம் பகுதி நலச்சங்கத் தலைவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுக. பின்னர் அதனை உம் நகரத்தின் மொழியில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் படித்து, இரண்டும் ஒரே பொருளைத் தருகின்றனவா எனக் கலந்துரையாடுக.