மதிப்பீட்டு அலுவலகத்துக்கு மதிப்பு உண்டா?

ஊரார் வீட்டுக்கும் நிலத்துக்கும் காலமெல்லாம் மதிப்புப் போட்டவர், ஓய்வுபெறும் வயதில் தன் அலுவலகத்துக்கு என்ன மதிப்பு என்று யோசிக்கிறார். இரண்டு பொறியாளர்கள், ரிப்போர்ட் தட்டச்சு செய்ய ஒருவர், நான்கைந்து வங்கிகளின் பேனல், அலமாரி நிறையக் கோப்புகள். பிள்ளைகள் வேறு துறைக்குப் போய்விட்டார்கள். இந்தத் தொழிலை விற்க முடியுமா?

முடியும். அதற்கு, எது கைமாறும், எது கைமாறாது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தயாராகவும் வேண்டும்.

கைமாறாதவை

முதலாவது, உங்கள் பதிவு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 247-ஆம் பிரிவு, 2017-இல் வந்த பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் ஆகியவற்றின்படி இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் (ஐ.பி.பி.ஐ.) தரும் சான்று, தகுதியும் அனுபவமும் பார்த்து, தேர்வு வைத்து ஒரு நபருக்குத் தரப்படுவது. செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பெற்ற பதிவும் அப்படித்தான். வாங்குபவர் தன் சொந்தப் பதிவோடுதான் வர வேண்டும்.

இரண்டாவது, வங்கிப் பேனல். பேனலில் யாரைச் சேர்ப்பது என்பது வங்கியின் முடிவு. "ஐந்து வங்கிப் பேனலோடு விற்பனைக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

பணம் மட்டும் போடும் கூட்டாளியும் சிறிய அலுவலகத்துக்குச் சரிப்படமாட்டார். ஐ.பி.பி.ஐ.யில் பதிவுபெறும் கூட்டு நிறுவனத்தில் குறைந்தது மூன்று கூட்டாளிகள், அல்லது மூவருக்கும் குறைவாக இருந்தால் அனைவருமே, பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களாக இருக்க வேண்டும்.

கைமாறுபவை

பழகிய ஊழியர்கள்தான் முதல் சொத்து. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி ஆகியவற்றைச் சரிபார்த்து, நேரில் நான்கு எல்லையையும் அளந்து, வங்கி கேட்கும் வடிவத்தில் ரிப்போர்ட்டைக் குறித்த நாளில் தரும் குழு எளிதில் கிடைக்காது.

அடுத்தது தகவல் களஞ்சியம். ஒரு வட்டாரத்தில் எந்தத் தெருவில், எந்த ஆண்டில், சதுர அடி என்ன விலைக்குப் போனது என்ற பதிவு உங்களிடம் இருக்கும். அரசின் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவருக்கு அதன் அருமை புரியும். ஆனால் கடன்தாரர் பெயர், கடன் விவரம், ஆவண நகல் எல்லாம் ரகசியம். அவற்றை நீக்கி, இடம், பரப்பு, விலை, தேதி மட்டும் கொண்ட அட்டவணையாக்குங்கள். கோப்புகளை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள்.

வங்கி அல்லாத வேலைகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. பாகப்பிரிவினை, மூலதன ஆதாய வரிக்கான பழைய மதிப்பு, விசாவுக்கான சொத்துச் சான்று போன்றவற்றுக்கு வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் ஆள் அனுப்புகிறார்கள். அந்தத் தொடர்பை நேரில் அறிமுகப்படுத்தி ஒப்படைக்கலாம்.

விலையை எப்படிப் போடுவது?

உங்கள் உழைப்புக்கான கூலியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஆண்டு வரவு 36 லட்சம், செலவு 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 18 லட்சமும் தொழிலின் லாபம் ஆகாது. உங்கள் இடத்தில் ஒரு மதிப்பீட்டாளரை வைத்தால் ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் கேட்பார் என்றால், தொழில் தானாகச் சம்பாதிப்பது 6 லட்சம்தான். பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். வரவில் பெரும்பகுதி ஒரே வங்கிக் கிளையிலிருந்து வந்தால் விலை இன்னும் இறங்கும்.

பணத்தை இரண்டாகப் பிரிப்பது இருவருக்கும் நல்லது: ஒரு பகுதி முன்பணம், மறுபகுதி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் கட்டணத்தைப் பொறுத்து.

யாரிடம் விற்பது?

உங்களிடமே வேலை பார்க்கும் இளம் பொறியாளர்தான் முதலில் நினைக்க வேண்டியவர். அவரை விரைவில் மதிப்பீட்டாளர் தேர்வு எழுத வையுங்கள். பதிவு கிடைத்ததும் கூட்டாளியாக்குங்கள். அவர் தன் கையெழுத்தில் ரிப்போர்ட் தந்து வங்கிகளில் தனக்கென்று பேனல் பெறட்டும். நீங்கள் விலகும் நாளில் வேலை நிற்காது. அடுத்த வழி, உங்கள் ஊரில் கிளை தேடும் பெரிய நிறுவனத்தோடு இணைவது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

• இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை (குட்வில்) விற்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு: நியாயமான எல்லைக்குள், குறிப்பிட்ட பகுதியில் அதே தொழிலைச் செய்வதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளலாம். அந்தப் பகுதியைத் தெளிவாக எழுதுங்கள்.

• நீங்கள் கையெழுத்திட்ட பழைய ரிப்போர்ட்டுகளுக்கு விற்ற பிறகும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2017 விதிகளின்படி ஒவ்வொரு வேலையின் ஆவணங்களையும் குறைந்தது மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். அவை யாரிடம் இருக்கும், கேட்டால் எப்படிக் கிடைக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

• தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இருந்தால், விலகிய பின் வரும் வழக்குகளுக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள்.

• குட்வில் தொகைக்கு வரி எப்படி என்பதை, கையெழுத்திடும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

இந்தத் தொழிலில் சம்பாதித்த நம்பிக்கை சிறிய விஷயமல்ல. ஒரு குடும்பம் வீட்டுக்கடன் வாங்குவதும், ஒரு வங்கி ஏமாறாமல் இருப்பதும் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான். அந்த நேர்மை அடுத்தவர் கையிலும் தொடர வேண்டுமானால், அவருக்கு உங்களோடு பழகும் காலம் தேவை. அடுத்த வாரமே இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள்: மூன்று ஆண்டு வரவு செலவை வங்கிவாரியாகப் பிரித்து எழுதுவது, தேர்வுக்கு யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்வது.