ஓடாத முயலும் பாயும் பூனையும்

அன்புள்ள பேத்திக்கு,

சுங்கைப்பட்டாணியிலிருந்து நீ அனுப்பிய முயல் படங்கள் வந்து சேர்ந்தன. கோடு சுத்தமாக இருக்கிறது, கண்ணில் துடிப்பும் இருக்கிறது. ஆனால் முயல் ஓடவில்லை அம்மா, ஓடுகிற கோலத்தில் நிற்கிறது. கார்ட்டூன் செய்ய ஆசைப்படும் நீ முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

டாம் அண்ட் ஜெர்ரியை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார். பாய்வதற்கு முன் டாம் பின்னுக்குச் சாய்ந்து உடலைச் சுருக்கும். அதன் பிறகுதான் கால் கிளம்பும். அந்தச் சிறு பின்வாங்கலைப் பார்த்த பிறகுதான் நம் கண் பாய்ச்சலை நம்புகிறது. உன் முயலிடம் அது இல்லை.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940-இல் எம்.ஜி.எம். கூடத்தில் இந்தப் பூனையையும் எலியையும் உருவாக்கினார்கள். அந்தத் தொடர் 7 ஆஸ்கார் வாங்கியது. திரையில் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். 7 நிமிடப் படம் ஒன்றுக்குக் கணக்குப் போடு: 10,080. ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் ஏறக்குறைய 5,000 ஓவியம். எல்லாம் கையால் வரைந்தவை! பின்னணியை ஒரு முறை வரைந்துவிட்டு, அசையும் உருவத்தை மட்டும் செல்லுலாயிடு தாளில் மாற்றி மாற்றி வைக்கும் முறையை ஏர்ல் ஹர்டு என்பவர் 1914-இலேயே காட்டியிருந்ததால்தான் இவ்வளவும் முடிந்தது.

ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டும் கேள். ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வொரு காலடிக்கும் பதில் சொல்லும். பேச்சு அநேகமாகக் கிடையாது. தோட்டத்தில் ஒரே வீட்டு டிவி முன்னால் லயமே கூடியிருந்த காலத்தில், ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத உன் கொள்ளுப்பாட்டி எங்களுக்கு முன்னால் சிரித்தது அதனால்தான்.

1957-இல் எம்.ஜி.எம். அந்தக் கூடத்தை மூடியது. பழைய படங்களை மறுபடி ஓட்டினாலே ஏறக்குறைய அதே வருமானம் வந்தது, புதிதாக எதற்குச் செலவு என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறாத முடிவு அது. ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே பணம் குறைவு, ஓவியங்களையும் குறைத்தார்கள். அங்கே அவர்கள் செய்த யோகி கரடியின் கழுத்தில் காலர் இருப்பதைக் கவனி. உடலை அப்படியே விட்டுத் தலையை மட்டும் மாற்றி வரைய அந்தக் காலர் உதவியது. கையில் காசில்லாத ஓவியன் இந்தச் சாமர்த்தியத்தைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வா. மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்'-ஐச் செய்தவர் ஆனந்தம் சேவியர், ஃபிலெம் நெகாராவில் அரங்க வடிவமைப்பாளராக இருந்தவர். 1978-இல் முடித்த படம் மக்கள் கண்ணில் பட்டது 1983-இல்தான். ஹாலிவுட்டின் ஆள்பலமோ கருவிகளோ அவருக்குக் கிடையாது. அப்படியும் மலாய்க் கதைகளில் வரும் சாங் காஞ்சில் என்ற குட்டிச் சருகுமானை அவர் அசைய வைத்தார் என்பதை உன் தோழிகளுக்கும் சொல். 1998-இல் ஹசன் முத்தாலிப் 'சிலாட் லெகெண்டா' என்ற நம் நாட்டின் முதல் முழுநீள அனிமேஷன் படத்தை எடுக்கும்வரை இன்னும் பலர் உழைத்தார்கள்.

இப்போது உனக்கு வேலை. பழைய பள்ளி நோட்டின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சருகுமான் துள்ளுவதை 24 படங்களாக வரை. முதல் ஆறு படங்களில் அது குனிந்து அமுங்கட்டும். வண்ணம் இப்போது வேண்டாம். பள்ளி விடுமுறைக்குப் பீடோங் வரும்போது நோட்டை எடுத்து வா, சேர்ந்து புரட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
தாத்தா