புகையை விட்ட பின் வயிறு முரண்டு பிடித்தால்

புகைப்பழக்கத்தைக் கைவிடுவோர் சில நாள்களுக்கு எரிச்சலும் உறக்கக் குறைவும் இருக்கும் என எதிர்பார்க்கின்றனர். வயிறும் முரண்டு பிடிக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. புகையை விட்ட சில நாள்களிலேயே மலச்சிக்கல், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் போன்றவை சிலருக்குத் தலைகாட்டுகின்றன. “காலையில் ஒன்று பற்றவைத்தால்தான் காலைக்கடன் முடியும்” என்னும் பழைய நம்பிக்கை உடனே நினைவுக்கு வருகிறது. உறுதியோடு தொடங்கியவர் மீண்டும் பெட்டிக்கடையை நாட அதுவே சாக்காகிவிடலாம். ஆகவே இத்தொல்லையின் காரணத்தையும் அதனைக் கையாளும் வழிகளையும் நாம் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

காரணம் என்ன?

சிகரெட்டிலும் பீடியிலும் உள்ள நிக்கோட்டின் குடலின் அசைவைத் தூண்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இத்தூண்டுதலுக்குப் பழகிய குடல், அது திடீரென நின்றதும் சற்றே மந்தமடைகிறது. எனினும், தானாக இயங்கும் ஆற்றலைக் குடல் இழந்துவிடுவதில்லை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அது தன் பழைய ஒழுங்கிற்குத் திரும்பிவிடும்.

நெஞ்செரிச்சலின் கதை வேறு. உணவுக்குழாயின் கீழ்முனையிலுள்ள தசைவளையத்தைத் தளர்த்தி, அமிலம் மேலெழ இடமளிப்பதே புகைதான். புகையை விட்டபின் எரிச்சல் தோன்றினால், சிகரெட்டுக்கு மாற்றாக நாம் கொறிக்கும் மிக்சரும் பஜ்ஜியும், அடிக்கடி அருந்தும் காபியும் காரணமாக இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

காலை உணவு வயிற்றை அடைந்ததும் பெருங்குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். முன்பு சிகரெட்டுக்கு ஒதுக்கிய அந்நேரத்தைக் காலைக்கடனுக்கு ஒதுக்கி, அவசரமின்றி நாள்தோறும் பழகுவோம். எழுந்தவுடன் வெந்நீரும் அரைமணி நேர நடையும் துணை செய்யும்.

நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து தேவை. கேழ்வரகு, கம்பு, சுண்டல், கீரை, வாழைத்தண்டு, கொய்யா ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம்; ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் மிகும். தண்ணீரும் போதிய அளவு பருக வேண்டும். இசப்கோல் உமியைச் சேர்ப்போர் ஒரு முழுக் குவளை நீருடன் உட்கொள்க.

காபியின் அளவைக் குறைத்தல் இன்றியமையாதது. புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரல் காஃபீனை விரைந்து சிதைக்குமாறு செய்கின்றன. புகை நின்றதும் அவ்வேகம் தணிவதால், அதே அளவு காபி உடலில் கூடுதல் காஃபீனைத் தேக்கிப் படபடப்பையும் உறக்கமின்மையையும் தரும். நான்கு கோப்பை அருந்தியவர் இரண்டுடன் நிறுத்துவது நன்று.

நிக்கோட்டின் சூயிங்கத்தை மிட்டாய்போல் விரைந்து மென்றால் விக்கலும் குமட்டலும் நெஞ்செரிச்சலும் உண்டாகும். மெல்ல மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து, அது தணிந்தபின் மீண்டும் மெல்லுவதே முறை. சர்க்கரையற்ற சாதாரண சூயிங்கமும் அளவு மீறினால் வாயுவை மிகுவிக்கும். புகையை விட்டு மெல்லும் புகையிலைக்கு மாறுவது மட்டும் ஒருபோதும் தீர்வாகாது.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

மலத்தில் இரத்தம், கருநிற மலம், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றைப் புகையை விட்டதன் விளைவென்று தள்ளிவிடலாகாது. உடனே மருத்துவரை அணுக வேண்டும். ஒரு மாதம் கடந்தும் மலச்சிக்கல் நீங்காவிடினும் அவ்வாறே. பேதி மருந்துகளை நாமாகவே வாங்கித் தொடர்ந்து உட்கொள்வதும், நாள்பட்ட நோய்க்கான மருந்து உண்போர் புகையை விட்ட செய்தியைத் தம் மருத்துவரிடம் கூறாதிருப்பதும் தவறு.

மனம் தளரும் வேளையில் 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். நாள்தோறும் சிகரெட் பெட்டிக்குச் செலவிட்ட தொகையில் பழமும் கீரையும் வாங்கியபின் எஞ்சுவதைத் தொடர் வைப்பில் சேர்ப்போம். வயிற்றின் முரண்டு சில வாரங்களில் அடங்கிவிடும். அதன் பொருட்டு மீண்டும் புகையை நாடத் தேவையில்லை.