வீழும் நீரும் சரியும் மண்ணும்

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையைச் சார்ந்த இரு பெயர்களை நாடறியும். ஒன்று தியலும நீர்வீழ்ச்சி; மற்றொன்று மீரியபெத்த. முன்னதைக் காண மக்கள் விரும்பி வருகின்றனர். பின்னதன் பெயரைக் கேட்டதும் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் தோட்டக் குடியிருப்புக்களை மூடிய மண்சரிவே நினைவில் எழுகின்றது. அழகும் அழிவுமாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே நிலத்தினதும் ஒரே மழையினதும் விளைவுகளாதலை ஈண்டு ஆராய்வோம்.

நடுமலைநாட்டின் தென்னெல்லை பெருஞ்சுவர் போலத் திடீரெனத் தாழ்கின்றது. புனாகலை ஓயா இச்சுவரில் எளிதில் தேயாத தொல்பாறையின் மேலாக 220 மீற்றர் வீழ்ந்து தியலும ஆகின்றது. பதுளை நகருக்கு அணித்தாயுள்ள துன்ஹிந்தவோ 64 மீற்றர் உயரமுடையது.

ஊவா அயனமண்டலத்தின் உள்ளேயே கிடப்பினும், ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியசு குறைதலின் இங்கு இதமான குளிர்மை நிலவுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேலைச் சரிவுகளில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே ஊவாவை அடையும். யூலை முதல் செப்டெம்பர் வரை அக்காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டும், அருவிகளோ மெலியும். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ இடிமழையும், அதன்பின் வடகீழ்ப் பருவமழையும் வரும். அருவி பெருகும் அக்காலமே மண் சரியும் காலமுமாம்.

பாறைமேல் வீழ்ந்த நீர் வழிந்தோடிவிடும். ஆனால் மலைச்சரிவுகளிற் பன்னெடுங்காலமாகக் குவிந்த தளர்ந்த மண்ணும் கல்லும் நீரை உறிஞ்சும். அந்நீர் அடிப்பாறையின் மேல் தேங்க, மண்ணின் பாரம் மிகும், பிடிப்புத் தளரும், சரிவு முழுவதும் நழுவும். 19 ஆம் நூற்றாண்டிற் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் காடுகள் அழிந்தபோது ஆழவேர்களின் பிணிப்பும் அகன்றது. அச்சரிவுகளிலேயே லயங்கள் எழுந்தன. இடத்தைத் தெரிந்தவர் ஒருவர். அதிற் குடியிருந்தவர் வேறொருவர். மீரியபெத்த ஆபத்தான இடமெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எனினும், சொந்தக் காணியில்லாத மக்கள் எங்கே செல்வர்?

நிலத்திலும் சுவரிலும் புதுவெடிப்புக்கள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் என்பன சரிவின் முன்னறிகுறிகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பும், 100 ஆயின் ஆயத்தமும், 150 ஆயின் வெளியேற்றமும் வேண்டும் என்பது அந்நிறுவனம் வகுத்த அளவு.

மழைமானி அரிய கருவியன்று. தோட்டப் பாடசாலைதோறும் ஒன்றை நிறுவி, நாடோறும் அளந்து எழுதும் பழக்கத்தை மாணவர் மேற்கொள்ளலாம். பழைய மாணவர் அதற்குத் துணைநிற்கலாம். புவியியல் தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று. மலையில் வாழ்வோர்க்கு அஃது உயிர்காக்கும் கல்வியுமாம். ஆயினும் அளவுகோல் எச்சரிக்கத்தான் வல்லது. பாதுகாப்பான நிலத்தில் வீடமைத்துத் தருதல் நாட்டின் கடமை என்பதையும் நாம் மறத்தலாகாது.