தோல்வியை ஆராய்ந்த வீரர்

அறிவை வளர்க்கும் ஆட்டங்களுள் சதுரங்கம் தலைமை வாய்ந்தது. நம் நாட்டில் தோன்றிய இவ்வாட்டம், பாரசீகர் வழியாகவும் அராபியர் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்து, இன்று உலகெங்கும் ஆடப்படுகின்றது. பகடை உருட்டும் ஆட்டத்தில் தோற்றவன் பகடையின்மீது பழி சுமத்தலாம். சதுரங்கத்தில் அதற்கு இடமில்லை. காயை நகர்த்தியது தன் கையே. நகர்த்தச் சொன்னது தன் அறிவே. ஆகவே, இவ்வாட்டத்தில் தேர்ச்சி பெற விரும்புவோர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்தப் பழகுதல் வேண்டும். அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்கியவர் சோவியத் நாட்டு வீரர் மிகாயில் போட்வின்னிக்.

போட்வின்னிக் 1911ஆம் ஆண்டில் பிறந்தார். 12ஆம் வயதில் சதுரங்கம் கற்றார். 1925ஆம் ஆண்டில், அந்நாளைய உலக வீரராகிய கியூபா நாட்டுக் காப்பாபிளாங்கா லெனின்கிராடு நகரில் பலருடன் ஒரே வேளையில் ஆடினார். அவரை எதிர்த்து ஆடி வென்றான், 14 வயதுச் சிறுவன் போட்வின்னிக். பின்னர் அவர் மின்பொறியியல் பயின்று, அத்துறையில் ஆராய்ச்சியும் நிகழ்த்தினார். பொறியாளர் ஒருவர் எந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதுபோலவே அவர் ஆட்டத்தையும் பிரித்துப் பார்த்தார். 1948ஆம் ஆண்டில் ஐவர் கலந்துகொண்ட போட்டியில் முதன்மை பெற்று உலக வீரரானார்.

அவர்தம் பயிற்சி முறை வியப்பிற்குரியது. பிற நாட்டு வீரர்களின் ஆட்டங்களை அவர் தேடிப் படித்தார். எதிர்த்து ஆடப்போகும் வீரரின் ஆட்டங்களைத் தனியே ஆராய்ந்தார். தம் ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதி அச்சில் வெளியிட்டார். தாம் காணாத பிழையைப் பிறர் காட்டட்டும் என்பதே அதன் நோக்கம். நேர நெருக்கடியில் சிக்குவோர், வெற்றி தோல்வியைக் கருதாது கடிகாரத்தையே நோக்கிப் பயிற்சி ஆட்டங்கள் ஆடுதல் வேண்டும் என்றார். புகையிலைப் புகை அவருக்கு ஒவ்வாது. ஆயினும், போட்டிக் கூடத்தில் அதனைத் தாங்க வேண்டுமே! எனவே, நண்பர் ரகோசின் எதிரே அமர்ந்து புகையை ஊத, அதனிடையே ஆடிப் பழகினார்.

இத்தகையவருக்கும் தோல்வி வந்தது. 1960ஆம் ஆண்டில் மிகாயில் தால் என்னும் 23 வயது இளைஞர் அவரை எதிர்த்தார். தால், காய்களைத் தயங்காது பலியிட்டுக் களத்தைக் கலக்கும் இயல்பினர். 21 ஆட்டங்களில் தால் ஆறில் வென்றார்; போட்வின்னிக்கோ இரண்டில் மட்டுமே வென்றார். ஏனையவை சமனாயின. பட்டம் கைமாறியது. 48 வயதை எட்டிய போட்வின்னிக்கின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

மறு போட்டி ஆடும் உரிமை அவருக்கு இருந்தது. எதிரியின் திறமையை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. தம் குறைகளை மறைக்கவும் இல்லை. கலங்கிய களத்தில் காய்கள் பல திசைகளில் மோதும்போது தால் வலியவர். காய்கள் குறைந்து களம் அமைதியுறும்போது அவ்வலிமை குன்றும். இதனைப் போட்வின்னிக் தெளிவாகக் கண்டார். 1961ஆம் ஆண்டில் இருவரும் மீண்டும் மோதினர். போட்வின்னிக் காய்களை மாற்றிக்கொண்டு ஆட்டத்தை எளிமையாக்கினார். தமக்கு உகந்த களத்திலேயே போரை நடத்தினார். தாலின் உடல்நலம் குன்றியிருந்ததும் உண்மையே. எனினும், அந்த ஓராண்டு உழைப்பின் பயன் ஆட்டங்களில் புலனாயிற்று. இம்முறையும் ஆட்டங்கள் 21. போட்வின்னிக் 13 புள்ளிகளும் தால் 8 புள்ளிகளும் பெற்றனர். இழந்த பட்டம் மீண்டது.

1963ஆம் ஆண்டில் பெட்ரோசியனிடம் அவர் பட்டத்தை இழந்தார். அப்போது மறு போட்டி உரிமை நீக்கப்பட்டிருந்தது. ஆயினும், தாம் கற்றதை இளைஞர்க்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். தம் ஆட்டத்தைத் தாமே ஆராய்ந்து எழுதி வருமாறு மாணவர்களைப் பணித்தார். அவரிடம் பயின்ற கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூவரும் பிற்காலத்தில் உலக வீரர்களாயினர். 1995ஆம் ஆண்டில் போட்வின்னிக் மறைந்தார்.

இன்று உலகின் எம்மூலையில் நடைபெறும் ஆட்டத்தையும் வீட்டிலிருந்தே காணலாம். எந்த நகர்த்தல் பிழை என்பதைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் சுட்டிவிடும். ஆனால், அப்பிழை அவசரத்தால் நேர்ந்ததா, அச்சத்தால் நேர்ந்ததா, செருக்கால் நேர்ந்ததா என்பதை ஆடியவரே அறிவார். தோற்ற ஆட்டத்தை ஏட்டில் குறித்துவைத்து, மறுநாள் அமைதியாக மீண்டும் ஆடிப் பார்ப்பவர்க்கு அவ்வேடே ஆசானாகும்.