ஒரு கோபுரம், பல கைபேசிகள்

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் உவர்நீர் எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. ஒரு மடையை அடைத்து மறு மடையைத் திறப்பார்கள். கைபேசிக் கோபுரமும் இப்படித்தான் என்று அறிந்து வியந்தோம்! 4ஜி முறையில் வினாடியை ஆயிரம் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் யாருக்கு எவ்வளவு என்று கோபுரக் கருவி முடிவு செய்கிறது. தமக்கு அலை எவ்வளவு தெளிவு என்பதைக் கைபேசிகளே அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தெளிவாய்க் கிடைப்பவருக்கே கொடுத்தால் மொத்தத்தில் அதிகச் செய்தி போகும். ஆனால் தொலைவில், கடைசிப் பாத்தியில் நிற்கும் அக்காவுக்கு ஒன்றும் வராதே! ஆகவே ஒருவர் இப்போது பெறக்கூடிய வேகத்தை, அவர் இதுவரை பெற்ற சராசரியால் வகுக்கிறார்கள். கோபுரத்தடியில் இருப்பவருக்கு 20ஐ 20ஆல் வகுத்தால் 1. அக்காவுக்கு 4ஐ 2ஆல் வகுத்தால் 2. அக்காவுக்கே முறை! (வகுத்தல் கணக்கை இனி நாங்கள் பழிக்கமாட்டோம்.)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எல்லாரும் ஒன்றாகக் கைபேசியை எடுத்தோம். அத்தனை பேர் பங்கிட்டால் நேர்மையான பங்கும் சிறுத்துவிடும். அதனால்தான் ஆபத்து எச்சரிக்கைக்கு வேறு வழி உண்டு. கோபுரம் ஒரே செய்தியை ஒலிபரப்ப, எல்லாக் கைபேசிகளும் ஒருசேரப் பெறும். நம் நாட்டில் 2023இல் இதைச் சோதித்தார்கள். அதற்கு முறையே தேவையில்லை.