ருமேனிய நாட்டார் வழக்காறுகளில் கடல்: எல்லையும் கடப்பும்

முன்னுரை

ருமேனியா கருங்கடலை ஒட்டிய நாடு. ஆயினும் அதன் நாட்டார் வழக்காறுகள் பெரும்பாலும் கார்ப்பாத்திய மலைச்சாரல்களிலும் சமவெளிகளிலும் வாழ்ந்த ஆயரிடையேயும் உழவரிடையேயும் உருவானவை. கடற்கரைப் பகுதியான தொப்ருஜா, நெடுங்காலம் உதுமானியர் ஆட்சியில் இருந்து, 1878ஆம் ஆண்டில் ருமேனியாவுடன் இணைந்தது. நிலம்சார்ந்து வாழ்ந்த இம்மக்களின் வழக்காறுகளில் கடல் பெறும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

படைப்புக்கு முந்திய நீர்

உலகத் தோற்றக் கதைகளில் முதலில் நிலம் இல்லை. நீர்ப்பரப்பு மட்டுமே உள்ளது. கடவுளின் ஏவலால் சாத்தான் மூழ்கி மண் எடுக்க முயல்கிறான். இறுதியில் அவன் நகங்களில் ஒட்டிய சிறிதளவு மண்ணே உலகாக விரிகிறது. மிர்சியா எலியாட் விரிவாக ஆராய்ந்த இக்கதையில், கடல் உலகிற்கு முந்தியது. உலகின் வித்தைத் தன்னுள் மறைத்து வைத்திருப்பது.

கதிரவனும் நிலவும்

தன் தங்கையையே மணக்க விழையும் கதிரவனைப் பற்றிய கதைப்பாடல் பல வடிவங்களில் வழங்குகிறது. கடல்மீது பாலம் அமைக்க வேண்டும் என அவள் நிபந்தனை விதிப்பதாகச் சில வடிவங்கள் கூறுகின்றன. பாலம் அமைந்தும் மணம் நிகழவில்லை. அவள் கடலில் பாய்ந்து மீனாகிறாள், பின்னர் நிலவாகிறாள். முறைபிறழ்ந்த மணத்தை இங்குத் தடுப்பது கடலே. அவளுக்குப் புகலிடமாவதும் அதுவே.

இறந்தோர் வழி

தென்மேற்கிலுள்ள கோர்ஜ் பகுதியின் இறப்புச் சடங்குப் பாடல்களைக் கான்ஸ்டன்டின் பிரெயிலோயு 1936இல் வெளியிட்டார். இவ்வகைப் பாடல்களில் இறந்தவர் ஒரு வழிப்போக்கர். கடலை அடையும் அவர், பாலமாகக் கிடந்து தன்னைக் கடத்துமாறு ஃபிர் மரத்தை வேண்டுகிறார். மணமாகாது இறந்த இளையோரின் கல்லறையில் நடப்படும் மலைமரமும் இதுவே. எனவே பாடலின் பாலம், சடங்கில் கண்முன் நிற்கும் மரத்தோடு இணைகிறது.

உயிர்த்தெழுதல் திருநாளில் முட்டை ஓடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. அவை உலகின் விளிம்பில் வாழும் 'பிளாஜினி' என்னும் சாந்தமான மக்களை அடைந்து, திருநாள் வந்ததை அவர்களுக்கு உணர்த்தும் என்பது நம்பிக்கை. மனிதர் கடக்க இயலாத தொலைவை நீர் கடக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வழக்காறுகளில் கடல் தொழிற்களமாக அன்றி, இருப்புக்கும் இன்மைக்கும், முறைமைக்கும் பிறழ்வுக்கும், வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாகவே அமைகிறது. கதைப்பாடலிலும் இறப்புப் பாடலிலும் அதனைக் கடக்கும் கருவி மரக்கலம் அன்று, பாலம் என்பது குறிப்பிடத்தக்கது. ஓடையின் குறுக்கே மரத்தைக் கிடத்திக் கடக்கும் மலைவாழ் மக்களின் பட்டறிவே கடலுக்கும் விரிக்கப்பட்டுள்ளது எனலாம். அவ்வாறாயின், இக்கடல் கண்ட கடல் அன்று. மலையிலிருந்து எண்ணப்பட்ட கடல். தொப்ருஜா மீனவர் வழக்காறுகளோடு இதனை ஒப்பிடுவது மேலாய்வுக்கு உரியது.